பழைய ட்ராம்போலின் எப்படிப் போனது?

கேள்வி: அண்ணா, நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். எட்டு வருசத்துக்கு முன்னர் வாங்கிய 12 அடி ட்ராம்போலின், போன மாசியில் அடித்த காற்றில் வேலியோடு போய் மோதி ஒரு கால் வளைந்துவிட்டது. பார்த்தால் வேறு இடங்களிலும் கறள். ஸ்பிரிங்குகளை மூடும் மெத்தை இரண்டாம் வருசமே வெடித்துவிட்டது. வலையை ஒருதரம் மாற்றினோம், அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. துள்ளுகிற விரிப்பு மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவளுக்கு 11 வயது, மகனுக்கு 8, சின்னவளுக்கு 4. ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வீட்டுப் பிள்ளைகளும் வந்தால் ஆறு பேர். பின்வளவில் புல்தரை 8 மீற்றர் நீளம், ஆறரை மீற்றர் அகலம். 14 அடியில் வாங்கினால் எல்லாரும் துள்ளலாம் என்கிறார் இவர். இல்லாவிட்டால் நிலத்தைத் தோண்டிப் புதைக்கலாமாம். ஸ்பிரிங் இல்லாத வகை நல்லது என்று எனக்குப் படுகிறது. மாமி ஒன்றுமே வேண்டாம் என்கிறா. எதை வாங்குவது?
ஹரோ வாசகி

பதில்: தங்கச்சி, பழையதற்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதிப் பதில். பத்தொன்பது வருசமாக லண்டன் பின்வளவுகளில் விளையாட்டுச் சாமான் பூட்டியும் கழற்றியும் வருகிறேன். அநேகமானவர்கள் பழையதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். பிறகு அதே சாமானையே வேறு நிறத்தில் வாங்குவார்கள். நீங்கள் இன்னும் எறியவில்லை என்று நினைக்கிறேன். எறிய முன்னர் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு வெளியே போய் அதை வடிவாகச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் கறள். வளைந்த காலை விடுங்கள். கால் தனியாக வாங்கலாம். மேலே இருக்கிற வட்டக் குழாயில் கால் வந்து செருகும் இடம் இருக்கிறதல்லவா, ஒட்டுவேலை (வெல்டிங்) செய்த மூட்டு, அதன் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று கேட்கும். உள்ளே கறள் தின்ற குழாய் தகரப் பேணியைத் தட்டியதுபோல் மந்தமாகச் சத்தம் போடும், சிவப்புத் தூளும் கொட்டும். குழாய் கல்வனைஸ் பண்ணி, அதாவது கறள் பிடிக்காமல் நாகப் பூச்சுப் பூசி வந்தாலும், பிறகு அதை ஒட்டும் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்து மறைத்துவிடுவார்கள். உள்ளே யாரும் அடிப்பதில்லை. மழைத் தண்ணீர் மூட்டுக்குள் போய் வெளியேற வழியில்லாமல் நிற்கும். எட்டு வருசம் நின்றால் போதும்.

உங்களுடையதில் அப்படி இரண்டு மூன்று மூட்டாவது இருக்கும். அதனால்தான் பாகம் மாற்றிச் சமாளியுங்கள் என்று சொல்லவில்லை. மெத்தையும் வலையும் மட்டும் போயிருந்தால் புதிதாக வாங்கவே விடமாட்டேன். இரும்புக் குழாய்ச் சட்டம் நல்லதென்றால் விரிப்பைக்கூட மாற்றிக்கொண்டு இன்னும் ஐந்தாறு வருசம் ஓட்டலாம். சட்டம் போனால் எல்லாம் போச்சு.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கல்வனைஸ் குழாய்க்கு உள்ளேயும் இருக்கிறதா, மூட்டுகள் ஒட்டியவையா அல்லது தனித் துண்டில் செருகிப் பூட்டுபவையா? உள்ளும் வெளியும் பூசி, செருகிப் பூட்டும் மூட்டுத்தான் நல்லது. குழாயின் சுவர்த் தடிப்பையும் கேளுங்கள். ஒன்றரை மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் நான் தொடமாட்டேன். குழாயின் விட்டத்தைப் பெரிதாக எழுதிவிட்டுத் தடிப்பை எழுதாமல் விடுகிற விளம்பரங்கள் நிறைய.

அடுத்தது மெத்தை. இரண்டு வருசத்தில் வெடித்தது உங்கள் பிழையல்ல. மெத்தை காரின் ரயர் மாதிரி, தேய்கிற சாமான். ஆனால் மலிவான மெத்தையின் மேல்தோல் மெல்லிய பொலித்தீன். முதல் கோடையில் வெளிறும், இரண்டாம் கோடையில் விரலால் தட்டினால் செதிலாக உரியும், பிறகு உள்ளிருக்கும் நுரை தண்ணீர் குடித்துப் புல்தரை முழுக்கத் துகளாகக் கொட்டும். தடித்த பிவிசி தோல் போட்ட மெத்தை விலை கூட; அந்தக் காசைக் கொடுங்கள். மெத்தையின் அகலம் ஸ்பிரிங்கை முழுதாக மூடி, இரு பக்கமும் கொஞ்சம் வெளியே வரவேண்டும்.

வலை பொருந்தாத கதை எனக்குத் தெரிந்த கதை. என்னிடமே ஒரு வீட்டுக்கு எட்டுக் கம்ப வலையை வாங்கிக்கொண்டுபோய், அங்கே ஆறு கம்பம் நிற்பதைப் பார்த்து அசடு வழிந்த அனுபவம் இருக்கிறது. 12 அடி என்று போட்டிருந்தால் எல்லா 12 அடிக்கும் சரிவராது. கம்பம் எத்தனை, வலை ஸ்பிரிங்குக்கு உள்ளேயா வெளியேயா, மேலே வளையத்தில் கோர்ப்பதா தொப்பி போட்டு இழுப்பதா, எல்லாம் வேறு வேறு. விரிப்பும் அப்படித்தான்: சட்டத்தின் விட்டம், விரிப்பு ஓரத்து வளையங்களின் எண்ணிக்கை, ஸ்பிரிங்கின் நீளம் மூன்றும் ஒத்துவந்தால்தான் பொருந்தும்.

இதிலிருந்து ஒரு வழக்கம் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ட்ராம்போலின் பிடித்திருந்தால், அதை வாங்க முன்னர் அதே கடையில் அதற்கான மெத்தை, வலை, விரிப்பு மூன்றும் தனித்தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் விடுங்கள். பேர் தெரியாத சாமான் அரை விலைக்குக் கிடைக்கும். மெத்தை வெடிக்கிற வருசம் அந்த விற்பனையாளரே இருக்கமாட்டார். பெட்டியில் இ.என். 71-14 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு ட்ராம்போலினுக்கான ஐரோப்பியத் தரம் அது.

வலை ஸ்பிரிங்குக்கு உள்பக்கம் வருவதாகவே எடுங்கள். வெளிப்பக்க வலை என்றால் பிள்ளை வலையில் சாய்ந்து சரிந்து மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவில் காலைக் கொடுக்கும். வாசலுக்கு சிப் மட்டும் வைத்தது வேண்டாம், முதலில் பழுதாவது சிப்தான். இரண்டு மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்று மூடுகிற வாசல் நீடிக்கும்.

சாமானைப் பற்றிச் சொல்லவேண்டியது அவ்வளவுதான். இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது கறள் இல்லை, "எல்லாரும் துள்ளலாம்" என்ற வார்த்தை.

ஒரு பிள்ளை தனியே துள்ளும்போது விரிப்பு அந்தப் பிள்ளையின் பாரத்துக்குக் கீழே போய், அதே பிள்ளையை மேலே தள்ளும். கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். இப்போது 38 கிலோ மூத்தவளும் 16 கிலோ சின்னவளும் ஒன்றாக ஏறுகிறார்கள் என்று வையுங்கள். அக்கா ஒரு கண் இமைப்புக்கு முன்னால் இறங்குகிறாள். விரிப்பு அவளுடைய பாரத்துக்கு ஆழமாகப் போய், திரும்பி மேலே வரத் தொடங்குகிறது. சரியாக அந்த நேரம் சின்னவள் கீழே வருகிறாள். அவளுக்குக் கீழே இருப்பது அமுங்கிக்கொடுக்கிற விரிப்பல்ல, அக்காவின் முழுப் பலத்தோடு எதிரே ஏறி வருகிற விரிப்பு. சீமெந்துத் தரையில் குதித்தது போலத்தான், அதுவும் அந்தத் தரை மேல்நோக்கி வந்து இடித்தது போல. அதிர்ஷ்டம் இருந்தால் உயரே எறியப்பட்டுச் சிரித்துக்கொண்டே விழுவாள். பிள்ளைகள் இதற்கு டபிள் பவுன்ஸ் என்று பேர் வைத்து வேண்டுமென்றே செய்வார்கள். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு வெடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் இந்த வெடிப்பை வைத்தியர்கள் ட்ராம்போலின் முறிவு என்றே சொல்கிறார்கள். பிள்ளை விழுந்திருக்கவே மாட்டாது, அதனால் பெற்றோர் நம்பமாட்டார்கள். "விழவில்லையே, சும்மா அழுகிறாள்" என்பார்கள். துள்ளிவிட்டு இறங்கிய பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஏ அண்ட் இ) கூட்டிக்கொண்டு போங்கள்.

விபத்துத் தடுப்பு வேலை செய்கிற ரோஸ்பா சங்கம் இதைப் பல வருசமாகச் சொல்லி வருகிறது: காயங்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறியிருக்கும்போது நடக்கின்றன, அதில் நிறை குறைந்தவருக்குக் காயம் படும் வாய்ப்பு ஐந்து மடங்கு. இன்னொன்றும் சொல்கிறார்கள், அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும்: பாதிக்கு மேற்பட்ட விபத்துகள் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நடக்கின்றன. குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு கறி கிளறுவது காணாது. பக்கத்தில் நின்றாலும், ஒரு நேரத்தில் ஒருவர் என்ற விதியைப் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

மாமியைக் குறை சொல்லவேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2012 இல் கிட்டத்தட்ட மாமி சொன்னதைத்தான் சொன்னது: வீட்டில் ட்ராம்போலின் வைப்பதை ஊக்குவிக்கவேண்டாம் என்று. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், எனக்கு அது சோறு போடுகிற தொழில் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஆறு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பதில் ரோஸ்பாவும் மாமியும் நானும் ஒரே பக்கம். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு ஏணியைக் கழற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். அதைவிட, மற்றவர்கள் துள்ளும்போது அவள் அடியில் தவழ்ந்து போகாமல் சுற்றிவர வலையோ தடுப்போ கட்டுங்கள். பந்து உருண்டு போனால் எடுக்கப் போவாள். மேலே விரிப்பு எவ்வளவு கீழே இறங்கும் என்று அவளுக்குத் தெரியாது.

இதனால்தான் உங்கள் கணவரின் 14 அடிக்கு நான் மாட்டேன் என்கிறேன். பெரிய ட்ராம்போலின் தன்னளவில் மோசமில்லை. ஆனால் பெரிது வாங்கினால் பெரிய கூட்டம் ஏறும், அதற்காகவே வாங்கியதாகப் பிள்ளைகளும் நினைப்பார்கள். பெட்டியில் 150 கிலோ என்று எழுதியிருப்பதைக் கூட்டிக் கழித்து "நாலு பேர் ஏறலாம்" என்று கணக்குப் பார்க்கவும் கூடாது. அது சட்டம் தாங்கும் பாரம். பிள்ளைகளின் எலும்புக்கு அந்தக் கணக்கு உதவாது.

இடமும் விடாது. ட்ராம்போலினைச் சுற்றி இரண்டரை மீற்றர் வெறுமையாக இருக்கவேண்டும் என்பது ரோஸ்பாவின் அறிவுரை. இந்த ஊர்ப் பின்வளவுகளில் அது அம்பிடுவது அருமை. உங்கள் ஆறரை மீற்றர் அகலத்தில் 14 அடியை, அதாவது 4.27 மீற்றரை நடுவில் வைத்தால் இரண்டு வேலிக்கும் ஒரு மீற்றரும் சொச்சமும்தான். 12 அடி என்றால் ஒன்று நாற்பது. 10 அடி, 3.05 மீற்றர் வைத்தால் பக்கத்துக்கு ஒன்று எழுபது, நீளப்பாட்டில் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைய. முழுதாக நிறையவில்லை, ஆனால் உள்வலையோடு சேர்த்து நான் மனச்சாட்சியோடு பூட்டிவிட்டு வரக்கூடிய அளவு அதுதான். நீள்வட்ட வடிவம் எடுத்தால் வேலிப்பக்கம் இன்னும் இடம் கிடைக்கும் என்று சில கடைகளில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நீள்வட்டத்துக்கு வேறு கடை மெத்தையும் விரிப்பும் பொருந்தாது. திரும்பவும் உங்கள் வலைக் கதைதான். ஆகவே வட்டம். மேலே பார்க்கவும் மறக்காதீர்கள், மரக்கிளை, உடுப்புக் காயப்போடும் கயிறு ஒன்றும் இருக்கக்கூடாது.

மூத்தவளைப் பற்றி வயதைத் தவிர நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 11 வயதில் குட்டிக்கரணம் போட ஆசைப்படாத பிள்ளையை நான் கண்டதில்லை. வளவில் வேண்டாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து போட்டிகளில் பார்க்கிறோமே, அந்த நீள்சதுர ட்ராம்போலின் வேறு சாமான், பக்கத்தில் பயிற்றுநரும் நிற்பார். ஆசை இருந்தால் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங் இல்லாத வகையைக் கேட்டீர்கள். நியூசிலாந்தின் கன்ரபெரி பல்கலைக்கழகத்தில் கீத் அலெக்ஸாண்டர் என்ற பொறியியலாளர் உருவாக்கிய வடிவமைப்பு பிரபலமானது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஃபைபர்கிளாஸ் தண்டுகள், சட்டம் விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். ஓரத்தில் விரல் நசுங்காது, இரும்பில் தலை இடிபடாது. நல்ல வேலைப்பாடு, துள்ளலும் மெதுமையாக இருக்கும். ஆனால் விலை ஒரு சாதாரண நல்ல ட்ராம்போலினைப்போல் பல மடங்கு. அது தடுப்பது ஓரத்து விபத்தை. இரண்டு பேர் முட்டிக்கொள்வதையோ, பிழையாக இறங்குவதையோ அதனால் தடுக்க முடியாது. காயங்களில் பெரும்பகுதி விரிப்பின் மேலேயே நடக்கிறது. கையில் காசு தாராளமாக இருந்தால் வாங்குங்கள், மறுக்கமாட்டேன். அதை வாங்கினோம் என்பதற்காக ஆறு பேரையும் ஏற்றுவீர்கள் என்றால் காசு வீண்.

நிலத்தில் புதைப்பது பற்றி உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஹரோ மண் களிமண். 10 அடிக்குக் குழி தோண்டினால் நாலைந்து கன மீற்றர் மண் வரும், ஈரக் களிமண் ஏழெட்டுத் தொன் நிறை. வாசலில் ஒரு பெரிய ஸ்கிப், அதாவது கழிவு அள்ளும் இரும்புத் தொட்டி, நிறையும். வீட்டுக்குள்ளால் தள்ளுவண்டியில் கொண்டுபோக வேண்டும் என்றால் அவருடைய முதுகும் போகும், உங்கள் கம்பளமும் போகும். பிறகு கார்த்திகை மழைக்கு அந்தக் குழி குளமாகும். வடிகாலும் சுற்றுச் சுவரும் கட்டினால்தான் நிற்கும், அதற்கு ட்ராம்போலினைவிடச் செலவாகும். மணல் நிலம் உள்ள இடத்தில் யாராவது கேட்டால் யோசிப்பேன்.

காற்று கடைசியாக வருகிறது, ஆனால் உங்கள் பழையதைக் கொன்றது அதுதானே. 2020 பெப்ரவரியில் கியாரா புயல் அடித்தபோது தென்கிழக்கு லண்டனில் ஒரு ட்ராம்போலின் பறந்துபோய்த் தண்டவாளத்தில் விழுந்து ரயில் நின்றது. பாரம் என்று நினைக்கிறோம். காற்றுக்கு அது பாய்மரம், வலைதான் பாய். ட வடிவில் வளைத்த சின்னக் கம்பிகளைப் பெட்டிக்குள் போட்டுத் தருவார்கள், நனைந்த களிமண்ணில் அவை வெண்ணெயில் குத்திய ஈர்க்குப் போல வெளியே வந்துவிடும். திருகிப் புதைக்கிற, முறுக்குக் கம்பி வடிவ நங்கூரங்கள் ஆறு வாங்கிக் காலுக்கு ஒன்றாக இறக்குங்கள். காற்று எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றுங்கள். அதைவிட, ஒக்டோபர் கடைசியில் வலையையும் மெத்தையையும் கழற்றி ஷெட்டில் வைத்துவிட்டால் புயலுக்கும் தப்பும், மழைக்கும் தப்பும். மார்கழியில் யார் துள்ளப் போகிறார்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரை என்ன செய்வது? வெம்பிளியில் ஒரு வீட்டில் பார்த்தேன். அங்கே அம்மம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பா. ஏறுகிற பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை தமிழில் சத்தமாக எண்ணிக்கொண்டு துள்ளவேண்டும். நூறு முடிய இறங்கவேண்டும், இடையில் ஆங்கிலம் வந்தால் அப்போதே இறங்கவேண்டும். முப்பத்தொன்பதில் எல்லாரும் விழுந்தார்கள், நாற்பதுக்குப் பதில் தேர்ட்டி-டென் என்று ஒன்று கத்தியது. வரிசையில் நின்றவர்கள் பிழை பிடிப்பதில் மும்முரமாக இருந்ததால் யாரும் முண்டியடித்து ஏறவில்லை. மாமிக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

முடிவாக: 10 அடி வட்டம், உள்வலை, உள்ளும் வெளியும் கல்வனைஸ், செருகிப் பூட்டும் மூட்டு, பிவிசி மெத்தை, பாகம் விற்கிற கடை. அவசரமில்லை என்றால் செப்டெம்பர் வரை பொறுங்கள், கோடைச் சரக்கைக் கடைகள் விலை குறைத்துத் தள்ளிவிடும். பழைய சட்டத்தைக் கழற்றிக் கவுன்சிலின் மீள்சுழற்சி மையத்தில் இரும்புப் பகுதியில் போடலாம். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கையுறையும் கொக்கியும் வேண்டும். ஒரே பக்கத்தில் வரிசையாகக் கழற்றாமல் எதிரெதிராக மாற்றி மாற்றிக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பத்தும் உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நல்ல விரிப்பை மட்டும் எறியவேண்டாம். 10 அடிக்குப் பொருந்தாது, ஆனால் தண்ணீர் விடும், புல்லை விடாது. மாமி மிளகாய்க் கன்று வைக்கிற பாத்தியில் விரித்து, கன்றுக்கு ஒரு ஓட்டையாக வெட்டிக் கொடுங்கள். வெட்டின ஓரத்தை மெழுகுதிரியில் காட்டிக் கொஞ்சம் உருக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரிந்துகொண்டே போகும்.